முதலில் கேட்டதா, இப்போது கேட்டதா?

மார்ச் 4

கண்ணாடிக் கடையில் இன்று ஈ ஓட்டினேன். மத்தியானம் ஒரு பெரியவர் கண் பரிசோதனைக்கு வந்தார். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்ல போட்டது தெளிவா, இப்ப போட்டதா?" என்று வழக்கம்போல் கேட்டேன். நடுவில் ஒருமுறை, இருந்த லென்ஸையே கழற்றித் திரும்ப மாட்டினேன். "ஆகா, இதுதான் தெளிவு!" என்றார். முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். நிஜமாகப் பார்த்துச் சொல்கிறார்களா என்று தெரிந்துகொள்ள நான் செய்கிற சின்ன வேலை இது. சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். "வயசானவரை ஏமாத்திட்டு இதுல பெருமை வேற" என்றாள்.

மார்ச் 7

டிவிக்கு ஒரு வயர் வாங்கத்தான் போனேன். எதிர்ச்சாரியில் புதிதாக ஓர் ஆடியோ கடை. அதன் முதலாளி பேசும்போதும் கண்ணை மூடிக்கொண்டே பேசுகிறார். கண்மூடி என்று பெயர் வைத்துவிட்டேன். சோபாவில் உட்கார வைத்து ஒரு பாட்டைப் போட்டார். எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. ஆனால் பாடுகிற அம்மா இரண்டு வரிகளுக்கு நடுவே மூச்சு இழுப்பது இன்றுதான் கேட்டது. இத்தனை வருடமாக மூச்சு விட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறார்! பிறகு எதையோ திருகிவிட்டு, "முதல்ல கேட்டது நல்லா இருந்ததா சார், இப்ப கேட்டதா?" என்றார்.

"இப்பதான்!" என்று கத்தியே விட்டேன்.

வயர் வாங்க மறந்துவிட்டது.

மார்ச் 8

வாங்கப் போவதில்லை.

மார்ச் 9

வாங்கப் போவதில்லை. சும்மா கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன்.

மார்ச் 10

புது ஸ்கூட்டருக்கு வைத்திருந்த பணம் ஹாலின் இரண்டு மூலைகளில் நிற்கிறது. "என்னங்க இது, ரெண்டு பீரோ?" என்றாள். ஸ்பீக்கர் என்றேன். "கதவு திறக்குமா?" என்று கேட்டாள். திறக்காது என்றதும் உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 19

கண்மூடி வீட்டுக்கே வந்தார். ஹாலில் மூலைக்கு மூலை போய்க் கைதட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, யாருக்குப் பாராட்டு என்று விசாரித்தார். "உங்க ஹால் எதிரொலிக்குது சார்" என்றார் கண்மூடி, ஏதோ வியாதியைச் சொல்வதுபோல. இப்போது நான்கு சுவரிலும் தடித்த திரை. நடுவில் எனக்கு மட்டும் ஒரு நாற்காலி. அதை இம்மி நகர்த்தினாலும் ஒலி கெட்டுவிடும். அவள் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

"துணிக்கடை மாதிரி இருக்கு. மீட்டர் என்ன விலைன்னு யாராவது உள்ள வரப் போறாங்க" என்றாள்.

மார்ச் 28

மின்சாரத்தில் அழுக்கு இருக்கிறதாம்! கண்மூடி சொல்லும்வரை எனக்குத் தெரியாது. அதைச் சுத்தம் செய்ய ஒரு பெட்டி வாங்கினேன். முகப்பில் நீல விளக்கு. அதை மாட்டியதும் பாட்டின் மேலிருந்த ஒரு திரை விலகியது. இவளிடம் சொன்னால், "ஒரு ஈரத்துணி வச்சுத் துடைச்சிருக்கலாமே" என்கிறாள்.

ஏப்ரல் 3

ம்ம்ம்ம் என்று ஒரு சத்தம். பாட்டில் இல்லை. சமையலறையில். ஃப்ரிட்ஜ்! இத்தனை நாள் ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி நின்றிருக்கிறது. ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் அணைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 6

மின்விசிறி நிறுத்தம். சுவர்க் கடிகாரம் பீரோவுக்குள், போர்வைகளுக்கு அடியில். "நான் மூச்சு விடலாமா?" என்று கேட்டாள். பதில் சொல்லக் கொஞ்சம் யோசித்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஏப்ரல் 12

எப்படி எழுதுவது?

ஒரு வருடமாக வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறாள். நாளை பள்ளித் தலைமையாசிரியையின் பணி ஓய்வு விழா. அதற்கு மூன்று அடுக்கு கேக். இது நன்றாக அமைந்தால் பள்ளி விழாக்களுக்கெல்லாம் இவளுக்கே ஆர்டர். பத்து நாளாக இதே பேச்சு. காலையில் கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அதற்கேற்ற அட்டைப்பெட்டி வாங்க டவுனுக்குக் கிளம்பினாள்; திரும்பச் சாயங்காலம் ஆகும்.

ஒரு பாட்டு கேட்கலாமே என்று ஃப்ரிட்ஜை அணைத்தேன். அப்புறம் இன்னொன்று. அப்புறம் கடையிலிருந்து போன் — யாரோ காத்திருக்கிறார் என்று. அப்படியே ஓடிவிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்க்கிறேன், மூன்று அடுக்கும் ஓர் அடுக்காகியிருந்தது. உச்சியில் இருந்த கிரீம் ரோஜா வழிந்து கதவோரம் வந்துவிட்டது. அவள் திட்டவில்லை. "எத்தனை பாட்டு கேட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சீ. என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 13

ராத்திரியே மறுபடி செய்தாள். ஓர் அடுக்குக்குத்தான் நேரம் இருந்தது. கை கழன்று விழும்வரை நான் கிரீம் அடித்துக் கொடுத்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை நாள் நான் தேடிய நிசப்தம் கிடைத்துவிட்டது. வீட்டில் என்னோடு பேசுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

தலைமையாசிரியை, "சின்னதா இருக்கே" என்றாராம். மற்ற விழாக்களைப் பற்றி மூச்சே விடவில்லையாம்.

ஏப்ரல் 16

அவளாகவே வந்து பேசினாள். "நாற்காலியில உட்காருங்க. கண்ணை மூடுங்க. அந்தப் பெட்டி இல்லாம ஒரு தடவை, பெட்டியோட ஒரு தடவை போடறேன்."

பாட்டு ஓடியது. நின்றது. டிக் என்றது. மறுபடி ஓடியது.

"முதல்ல கேட்டதா, இப்ப கேட்டதா?"

"இப்பதான். இதுல என்ன சந்தேகம்? குரலுக்கு ஒரு உருண்டை வந்திருக்கு, அடியில ஒரு ஆழம், பின்னால தபலா தனியா —"

"கண்ணைத் திறங்க."

கையில் பேனா. அதை அழுத்திய சத்தம்தான் அந்த டிக். பெட்டியைக் காலையில் பெருக்கும்போதே பிடுங்கிவிட்டாளாம்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேக் சரிந்த நாளுக்குப் பிறகு இன்றுதான் அவள் சிரித்தாள்.

ஏப்ரல் 17

கடிகாரத்தை வெளியே எடுத்தேன். நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பழைய சோபாவைப் போட்டேன். பிராயச்சித்தமாக, நீல விளக்குப் பெட்டியைக் கொண்டுபோய் அவள் ஃப்ரிட்ஜுக்கு மாட்டிவிட்டேன். "இனிமே உன் கிரீமுக்குச் சுத்தமான கரண்ட்" என்றேன்.

"காதுல பூ சுத்தாதீங்க" என்றாள்.

ஏப்ரல் 18

கண்மூடியிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். "ஐயோ சார்! ஃப்ரிட்ஜை அதுல மாட்டவே கூடாது. எப்ப வேணா கரண்டை நிறுத்திடும்!" அவர் கண்ணைத் திறந்துகொண்டு பேசியது இதுதான் முதல் தடவையாக இருக்கும். அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். நல்லவேளை, எல்லாம் ஜில்லென்று இருந்தது. ஃப்ரிட்ஜை நேராகச் சுவர் பிளக்கிலேயே மாட்டினேன். பெட்டி சும்மா பக்கத்தில், விளக்கை மட்டும் எரித்துக்கொண்டு நிற்கிறது.

அவள் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் குதித்துக்கொண்டு வந்தாள் — பள்ளி ஆண்டுவிழா கேக் ஆர்டர் இவளுக்குத்தானாம்! சின்னதாக இருந்தாலும் ருசியை யாரும் மறக்கவில்லையாம். அந்த சந்தோஷத்தில் சொல்ல விட்டுப்போயிற்று.

ஏப்ரல் 28

நாளை ஆண்டுவிழா. நான்கு அடுக்கு. ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ரோஜா எப்படி நிக்குது பாருங்க! நான் நம்பவே இல்லைங்க. ஆனா அந்த நீல விளக்கு வந்ததுல இருந்து கிரீமே வேற மாதிரி இருக்கு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தொழில் பழக்கம், வேறு ஏதோ வந்துவிட்டது.

"முன்னாடி நல்லா இருந்ததா, இப்பவா?"

"இதென்ன கேள்வி? இப்பதான்!"

அன்றைக்கு வந்த பெரியவரின் அதே முகம். கண்மூடி கடையில் எனக்கும் அந்த முகம்தான் இருந்திருக்கும்.

கதவைச் சாத்திவிட்டு ஓவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இதைவிடப் பெரிய பெட்டி வருதா? ஓவனுக்கும் ஒண்ணு போட்டா என்ன?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன், சுவர் பிளக்கில் மாட்டியிருந்த ஃப்ரிட்ஜ் வயர் தெரியாதபடி மறைத்து நின்றுகொண்டு.