கண்ணை விட்டுவிட்ட கம்பவுண்டர்

மூத்தவன் அம்மாவுக்கு,

எங்கள் தையல் கம்பெனியில் மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் எனக்கு அநியாயம் செய்துவிட்டான். கண்ணாடிக் கடையில் "கண்ல பிரஷர் இருக்கு" என்றார்கள். அதை அவனிடம் சொன்னேன். 'கண்'ணை விட்டுவிட்டு 'பிரஷரை' மட்டும் காதில் வாங்கி, எட்டு மாதம் ரத்த அழுத்த மாத்திரையே கொடுத்தான். இது கிளாக்கோமாவாம்; கண்ணுக்குள் நீர் தேங்கி, அழுத்தம் ஏறி, ஓரப் பார்வையைத் தின்றுவிடுமாம். தையல் மெஷினுக்கு இடப்பக்கம் கிடக்கும் கத்தரி இப்போது தெரிவதில்லை.

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? பயப்படாதே, நேற்று ஆபரேஷன் முடிந்தது. அரிசி நுனியளவு குழாயைக் கண்ணுக்குள் வைத்து, தேங்கிய நீர் வடிய வழி செய்தார்கள். தையல்கூட இல்லை, மாலையே அறைக்கு வந்துவிட்டேன்.

"போன பார்வை வருமா?" என்று கேட்டேன்.

"வராதுங்க ஐயா. இருக்கறதக் காப்பாத்தத்தான் இது" என்றார் டாக்டர்.

கம்பவுண்டர் வந்து, "பெருசு, நீங்க சரியாச் சொல்லல" என்றான். "நீ போய்க் காது டாக்டரப் பாருடா" என்று அனுப்பிவிட்டேன்.

சொட்டு மருந்தை நானே விட்டுக்கொள்கிறேன். பாதி காதுக்குள் போகிறது.

கண் உறுத்துகிறது; ஆக வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். கம்பவுண்டர் தன் தவறை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மேனேஜர் அதை வாங்கித் தர வேண்டும். இந்தக் கண்நோய் குடும்பத்தில் வருமாம். மூத்தவனும் என் தங்கையும் இந்த வாரமே கண்ணைக் காட்ட வேண்டும். நீ பதில் போடும்போது ஓரத்தில் எழுதாதே, தாளின் நடுவில் பெரிதாக எழுது.