தவளைத் தோலும் அன்னபூரணத்தின் காலும்

11.01.1989, புதன்

லண்டனில் இருந்து அம்பிகையின் கடிதம் இன்றைய லோஞ்சுப் படகில் வந்தது. என் தங்கச்சியின் மகள். அங்கே கிருமிகளைப் பற்றிப் படிக்கிறாள். அந்த மூளை எந்தப் பக்கத்தால் வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் ஏழாம் வகுப்போடு நின்றதுக்குக் காரணம், அதுக்கு மேல் எனக்குப் படிப்பிக்கக்கூடிய ஆள் நெடுந்தீவில் அப்போது இல்லாததுதான்.

சங்கதி இதுதான். அமெரிக்காவில் ஒரு டொக்டர் தவளைகளின் வயிற்றை வெட்டித் தைத்து, திரும்ப ஊத்தைத் தண்ணீருக்குள் விட்டாராம். ஒன்றுக்கும் புண் பழுக்கவில்லை. தோலைச் சோதித்தால் அதுக்குள் பெப்டைட் என்று ஒரு சாமான். புரதத்தின் சின்னத் துண்டு. கிருமியின் மேல்தோலில் ஓட்டை போட்டே கொன்றுவிடுமாம். மருந்துக் குளிசைக்குக் கிருமி பழகிவிடும், இதுக்குப் பழகுவது கஷ்டமாம்.

மனிசி அன்னபூரணத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவளின் கண்ணாடி உடைந்த நாள் தொட்டு வீட்டில் கடிதம் வாசிப்பது நான்தான். கொஞ்சம் விளக்கமாகவே வாசித்தேன். காலை நீட்டிக்கொண்டு கேட்டாள். டிசம்பரில் பனைமட்டைக் கருக்குக் கீறின குதிக்கால் இன்னும் காயவில்லை.

13.01.1989

அடுத்த வீட்டுப் பத்திநாதர் கடலால் வந்த கையோடு எட்டிப் பார்த்தார். தவளைக் கதை அவர் காதுக்கும் போய்விட்டது.

"கிணத்துத் தவளைக்குப் புண் வாறதில்லை எண்டு அறுபத்திரண்டிலேயே நான் எழுதிக் குடுத்தனான். அதை வைச்சுத்தான் அமெரிக்காக்காரன் பிடிச்சவன்" என்றேன்.

"அப்ப அந்தத் தவளையளுக்கு நீங்கள்தான் தகப்பன் எண்டு சொல்லுங்கோ, அம்பலவாணர் அண்ணை."

பொறாமை.

14.01.1989

பொங்கல். நல்லாய்ப் பொங்கியது. அன்னபூரணம் ஒற்றைக் காலில் நின்றே பொங்கினாள்.

17.01.1989

புண் திரும்பச் சிவந்திருக்கிறது. என் பிஸ்கற் தகரப் பேணியைத் திறந்தேன். இந்தத் தீவில் குளிசையை ஆரும் முடிய விழுங்குவதில்லை. நோவு குறைந்த அன்றே மிச்சம் என் பேணிக்குள் வந்துவிடும். லோஞ்சு ஓடாத நாளுக்கு வேண்டுமே. அயலுக்கு நான்தான் ஆசுபத்திரி, பெரிய டொக்டர்மாரும் என்னிடம் கேட்டுப் போவார்கள் (ஒருமுறை ஒருவர் வழி கேட்டார்).

இவளுக்கும் போன மாதம் ஏழு நாள் மருந்து தந்தார்கள். மூன்றாம் நாளே நோவு போய்விட்டது. மிச்சத்தைப் பத்திநாதரின் மனிசி மேரிஜோசப்பினின் பல்லுக்குக் கொடுத்தோம். இன்றைக்குச் சிவப்பு இரண்டும் மஞ்சள் மூன்றும் இவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

20.01.1989

புண் கெட்ட மணம் மணக்கிறது. மருந்துச்சாலை ஐயா பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்கு உடனே கொண்டுபோங்கோ, விட்டால் கால் போகும் என்றார்.

இவள் மாட்டாளாம். "நான் ஏன் போகவேணும்? பங்குனிக்குள்ளை அம்பிகை தவளை மருந்து பாசலிலை அனுப்பிறாள் எண்டு நீங்கள்தானே வாசிச்சனீங்கள்?"

வாசித்தனான்தான். கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

21.01.1989, சனி

காலையில் சொன்னேன். பாசலும் இல்லை, பங்குனியும் இல்லை, நான் கூட்டிச் சொன்னது என்று.

அவள் சிரித்தாள். "என்னைக் கொண்டுபோறதுக்குக் கதை விடுறியள்."

முப்பத்தொரு வருசம். பொய் முழுவதையும் நம்பினவள் உண்மை ஒன்றை நம்புகிறாள் இல்லை. நான் என்ன செய்ய? யாரைக் கொண்டு சொல்விக்க? ஊரில் இத்தனை பேர் இருக்க, என் வாயை அடைக்கவென்றே பிறந்த பத்திநாதரிடம்தான் போனேன்.

"இந்தக் கடிதத்தை என்ர மனிசிக்கு உள்ளது உள்ளபடி வாசிச்சுக் காட்டும். நான் வாசிக்க ஏலாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வலையை வைத்துவிட்டு வந்தார். கதிரையில் இருந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். நான் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்ட கடைசிப் பகுதியையும்.

"மாமா, இது மருந்தாய் வர இன்னும் கன வருசம் செல்லும். மாமியின் புண்ணுக்குத் தந்த குளிசையை இடையில் நிற்பாட்ட வேண்டாம். அரைவாசியில் விட்டால், தப்பின கிருமி அந்தக் குளிசைக்குப் பழகிப்போகும்."

பத்திநாதர் கடிதத்தை மடித்தார். நக்கல் ஒன்று வரும் என்று காத்திருந்தேன். "அக்கா, விடிய என்ர வள்ளத்திலை போவம்" என்றார், அவ்வளவுதான்.

அன்னபூரணம் என்னைப் பார்க்கவில்லை. உடுப்புப் பை எங்கே என்று கேட்டாள்.

22.01.1989

பத்திநாதர் ஞாயிற்றுப் பூசைக்குப் போகாமல் எங்களைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் இறக்கினார். கடல் கொஞ்சம் மோசம். நான் ஒருமுறை சத்தி எடுத்தேன். சரி, ஐந்து தரம்.

26.01.1989

பெரியாசுபத்திரியில் புண்ணின் சீழைச் சோதித்தார்கள். மூன்று மருந்துக்கு அந்தக் கிருமி அசையாதாம், நாலாவதுக்குத்தான் சாகுமாம். ஊசி போடுகிறார்கள்.

"இவ்வளவு மருந்தையும் மாத்தி மாத்திக் குடுத்த டொக்டர் ஆர்?" என்று கேட்டார் அங்கத்தைய பெரிய டொக்டர்.

அன்னபூரணம் ஊசி நோகுமோ என்று கேட்டுப் பேச்சை மாற்றினாள்.

09.02.1989

வீடு. குதிக்கால் மூடிக்கொண்டு வருகிறது. இன்னும் ஒரு கிழமைக்குக் குளிசை. விடிய நான் தண்ணீரோடு நிற்க, அவள் விழுங்கி, வாயைத் திறந்து காட்டுகிறாள்.

16.02.1989

கடைசிக் குளிசையும் முடிந்தது. பத்திநாதர் தொண்டை நோவோடு வந்தார். "சிவப்பு ரெண்டு கிடக்கோ அண்ணை?" இல்லை என்றேன். பேணிக்குள் இப்போது சீனி. தேத்தண்ணி குடித்துவிட்டு மருந்துச்சாலைக்குப் போனார்.

03.03.1989

அம்பிகையின் அடுத்த கடிதம். அன்னபூரணம் யாழ்ப்பாணத்தில் வாங்கின புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்தாள். தொடக்கம் முதல் முடிவு வரை, மெதுவாக. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்து, மடித்து, என் கையில் தந்தாள்.

"உள்ளதை நான் அறிஞ்சிட்டன். இப்ப நீங்கள் வாசியுங்கோ."

வாசித்தேன். என் வாசிப்பில் அமெரிக்காத் தவளை பசுக்கன்று அளவுக்கு வந்துவிட்டது. அவள் இரண்டு காலையும் நீட்டி ஆட்டிக்கொண்டு கேட்டாள்.