ராத்தா விட்டுப்போன பிளாஸ்க்

ராத்தா,

இன்று காலை கொத்தமல்லி அவிந்த மணம் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவித்தவளும் நானேதான். பத்து மணிக்குப் புது தெரபிஸ்டிடம் போக வேண்டும், தர்ஷிக்கு இன்னும் தலை வாரவில்லை, இவளுடைய அப்பா பல்லேகலைக்கு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார், இந்த அமளியில் எந்தப் புத்தியில் மல்லியை அடுப்பில் வைத்தேனோ தெரியாது. அலுமாரிக்கு மேலிருந்து உங்கள் சிவப்பு பிளாஸ்க்கை இறக்கி மூடியைத் திறந்தேன். உங்கள் கடை மணந்தது. மல்லியும் இஞ்சியும் மட்டுமல்ல, போட்டோ கொப்பி மெஷினின் சூடான மணமும் சேர்ந்து வந்தது. அது பிளாஸ்க்குக்குள் எப்படி வரும் என்று கேட்காதீர்கள், வந்தது. மல்லித் தண்ணியை ஊற்றி மூடி என் பைக்குள் வைத்தேன்.

கீழ் வீட்டை உங்கள் மகன் பூட்டிச் சாவியைக் கொடுத்த அன்று, "உம்மாட பிளாஸ்க், புள்ளைக்கு" என்று சொல்லி இதை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றிலிருந்து தர்ஷி மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் உங்கள் கதவின் முன்னால் நின்று பார்ப்பாள். நின்று பார்ப்பாளே தவிர, ஒன்றும் சொல்லமாட்டாள். டீவி விளம்பரத்தை முழுதாகச் சொல்கிற பிள்ளை, பஸ் கொண்டக்டர் மாதிரி "நுவரெலியா நுவரெலியா" என்று வீடு முழுக்கக் கத்துகிற பிள்ளை, உங்கள் வாய்ச்சொல் ஒன்றையும் எடுக்கவில்லை. "ராத்தாம்மா என்ன சொல்லுவாங்க? சொல்லு தங்கம்" என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். "சொல்லு தங்கம்" என்றாள்.

புசல்லாவைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து உங்கள் மேல் மாடியில் வாடகைக்கு ஏறியபோது அவளுக்கு மூன்று வயது. உங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். வீட்டின் முன்னறைதான் உங்கள் கடை. கொப்பி எடுக்கிற மெஷினில் அந்தப் பச்சை வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டு அரை நாள் நிற்பாள். வெற்றுத் தாளை வைத்து அவளுக்காகவே மெஷினை ஓட்டுவீர்கள். ஒரு நாள் ஓட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "தங்கச்சி, கோவிக்க வாணாம். நான் எத்தன தரம் கூப்பிட்டும் புள்ள திரும்பிப் பாக்கிறா இல்ல. ஒரு டொக்டருக்குக் காட்டுவம்."

கோவித்துக்கொண்டேன். வாடகைக்கு இருந்தால் பிள்ளையைப் பற்றியும் பேச உரிமை வந்துவிடுமா என்று இவரிடம் குதித்தேன். அந்தக் குதிப்பெல்லாம் பயம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் நானே கீழே இறங்கி வந்தேன். "இப்ப யாரைங்க பாக்கிறது?" என்று கேட்டேன். பிளாஸ்க் மூடியைத் திருகி, உள்ளங்கையால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "வாங்க, பெய்த்துப் பாப்பமே" என்றீர்கள். போய்ப் பார்ப்போமே என்பது உங்கள் வாயில் அப்படித்தான் வரும். அதற்குப் பிறகும் நான் தயங்கி நின்ற ஒவ்வொரு தடவையும் அதே தட்டு, அதே சொல்.

போய்ப் பார்த்தோம், பார்த்தோம், பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு டொக்டர் பேச்சு தாமதம், பொறுங்கள் என்றார். ஒரு கிளினிக்கில் திகதி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. தமிழ் பேசுகிற தெரபிஸ்ட் கொழும்பில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். கொழும்புக்கு எடுத்துக் கேட்டால், புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்றார்கள். போன் பேசியதெல்லாம் நீங்கள். என் சிங்களம் மரக்கறி வாங்குகிற சிங்களம். நீங்களோ நாள் முழுக்கச் சிங்கள ஆட்களோடு வியாபாரம் பேசிச் சண்டையும் பிடிக்கிறவர். "பேசாத புள்ளைக்கு ரெண்டு மாசம்டா எவ்வளவு நீளம்டு தெரியுமா மிஸ்?" என்று நீங்கள் சிங்களத்தில் கத்தியது எனக்கே விளங்கியது. அப்படிக் கத்தித்தான் கண்டி டவுனிலேயே ஒரு தெரபிஸ்ட் மிஸ்ஸைப் பிடித்தீர்கள். சிங்களம் மட்டும்தான் பேசுவார். பரவாயில்லை, நான் இருக்கிறேனே என்றீர்கள்.

அங்கேதான் உங்கள் அன்பு எங்களைக் கவிழ்த்தது.

மிஸ் சிங்களத்தில் கேட்பார், நீங்கள் தர்ஷியிடம் தமிழில் கேட்பீர்கள். "ஒங்கட பேர் என்ன மகள்?" என்றீர்கள். "பேர் என்ன மகள்" என்றாள் அவள். நீங்கள் மிஸ்ஸைப் பார்த்து, தர்ஷியாம் என்றீர்கள். நாய்ப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்றீர்கள். "இது என்ன" என்றாள். 'நாய்' என்கிறாள், மிஸ், எங்கள் பேச்சு வேறு மாதிரி, அதனால் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றீர்கள். விருந்துக்கு வந்தவர் முன்னால் வீட்டுப் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசுவோமே, அந்தப் பேச்சு. மிஸ் சிரித்து, பேச்சுக் கொஞ்சம் பிந்துகிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பேசிக்கொண்டே நடந்தேன். நீங்கள் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தீர்கள்.

குட்ஷெட் ஸ்டாண்டில் பஸ் ஏறி உட்கார்ந்து, எஞ்சினும் போட்டாகிவிட்டது. திடீரென்று எழுந்தீர்கள். "எறங்குங்க" என்றீர்கள். "என்ன ராத்தா, எதையும் வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். "நான் புள்ளைட வாயில என்ட பேச்ச வச்சிட்டன். அவ செல்லாததையெல்லாம் செல்லிட்டன் தங்கச்சி. ஆறு மாசம் போனா யாரு திருப்பித் தாற?" கொண்டக்டர் ஏச ஏச இறங்கினோம். அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க வாங்க நீங்கள் முன்னால் நடந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிறகு உங்களைக் கொண்டுபோன வருத்தம் அப்போதே உங்கள் நெஞ்சில் இருந்திருக்கிறது. நீங்கள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

மற்றத் தாய்மார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் சொன்னது பொய் மிஸ், திருப்பிப் பாருங்கள் என்று நின்றீர்கள். மிஸ் ஏசவில்லை. வேறு பிள்ளைகள் முடிந்ததும் எங்களை மறுபடி கூப்பிட்டார். பிள்ளை என்ன சொல்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்றார். அதன்பிறகு உங்கள் வாயிலிருந்து வந்ததெல்லாம் அளந்து எடுத்த மாதிரி இருந்தது. "கேட்டதையே திருப்பிச் சொல்கிறாள்." "ஒன்றும் சொல்லவில்லை." "என் கையைப் பிடித்து பிளாஸ்க் மூடியில் வைக்கிறாள்." பல தடவை போய்வந்த பிறகு, பெரிய டொக்டரும் பார்த்து, ஓட்டிசம் என்றார்கள். நான் அழுதேன். நீங்கள் பிளாஸ்க்கைத் திறந்து மல்லித் தண்ணி ஊற்றிக் கொடுத்தீர்கள். "இப்ப பேர் தெரிஞ்சிட்டு. இனி வேலயப் பாப்பம்."

வேலையைப் பார்த்தோம். அவள் கையால் காட்டிக் கேட்கப் பழகினாள், படத்தைக் காட்டிப் பசியைச் சொல்லப் பழகினாள். பிறகு அந்த மிஸ்ஸும் எல்லாரையும் போல வெளிநாடு போனார். பிறகு நீங்கள் போனீர்கள். எனக்கு உங்கள் இருவர் மேலும் கோபம் இருந்தது, அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? வரும் வருடம் பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும், அதற்குப் புதிதாகப் பார்த்து, என்ன உதவி தேவை என்று சொல்ல ஒருவர் வேண்டும். இந்தத் தடவை போன் எடுத்து, கத்தி, தேடியது நான்தான். கிடைத்தவரும் சிங்களம் மட்டும் பேசுகிறவர். நேற்று முழுக்கத் தனியாக நடந்து நடந்து சிங்கள வசனங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். தர்ஷியின் அப்பா பார்த்துவிட்டு, "யாரோட சண்டைக்குப் போற?" என்றார்.

இன்று அந்த அறையில் கதிரை நுனியில்தான் உட்கார்ந்தேன். புது மிஸ் சின்னப் பெண், மெதுவாகக் கேட்டார். சாப்பாடு, தூக்கம், சத்தம் எல்லாவற்றுக்கும் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னேன். பிறகு கேட்டார்: தான் நினைப்பதைச் சொல்ல, தானாகவே வசனம் பேசுவாளா?

"ஒவ் மிஸ்", ஆமாம் மிஸ் என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, ராத்தா. ஒரு சொல்தான். சொன்னால் ஒரு நல்ல வகுப்பில் சேர்ப்பார்கள், சொன்னால் அந்தப் பெண்ணின் முகம் மலரும். அன்று உங்களுக்கு என்ன நடந்தது என்று இன்றுதான் எனக்கு விளங்கியது. விழுங்கினேன். இல்லை மிஸ், மற்றவர்கள் சொன்னதைத்தான் சொல்லுவாள் என்றேன். சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி காதில் விழவில்லை, எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

தரையில் இருந்த தர்ஷி எழுந்து வந்தாள். என் பையிலிருந்து பிளாஸ்க்கை இழுத்தெடுத்தாள். இறுகி இருந்த மூடியை இன்னும் இறுக்கி, உள்ளங்கையால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, என் மடியில் வைத்தாள்.

"வாங்க, பெய்த்துப் பாப்பமே."

உங்கள் குரல். உங்கள் இழுப்பு. அந்தக் கடைசி 'மே' கொஞ்சம் மேலே ஏறுமே, அதுவும் தவறவில்லை.

மிஸ் பேனையை வைத்துவிட்டு, என்ன சொன்னாள் என்று கேட்டார். வாருங்கள், போய்ப் பார்ப்போம் என்கிறாள், இது எங்கள் கீழ் வீட்டு அக்கா சொல்வது, அவர் இப்போது இல்லை என்றேன்.

"அவர் இதை எப்போது சொல்வார்?"

எனக்குப் பயம் வரும்போது என்றேன்.

ஒரு சொல் கூட்டவில்லை, ராத்தா. ஒரு சொல் குறைக்கவும் இல்லை.