சம்பந்தி கேட்ட சமம்

தாராவி, பம்பாய்
கார்த்திகை 3, 1965

அன்பு மகள் ஆறுமுகத்தாய்க்கு அம்மா எழுதுவது. இங்க நானும் அப்பாவும் சுகம், அங்க நீயும் மாப்பிள்ளையும் பேரனும் தடுமன் காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு அம்மன நெனச்சுக்கிட்டுதான் இத எழுதுதேன். நேத்து ஜம்ஷெட்பூர்ல இருந்து உன் மாமனார் கார்டு வந்துச்சு தாயி. ரெண்டு வருஷமா அவரும் உங்கப்பாவும் கார்டுலயே ஆடுன சதுரங்கம் முடிஞ்சுபோச்சு, சமம்னு வச்சுக்கிடுவோமான்னு அவரே கேட்டிருக்கார், உங்கிட்ட சொன்னாரோ என்னவோ. உங்கப்பா வேலைக்குப் போற டிராம்பே பஸ்ஸ விட்டுட்டு அந்தக் கார்டத் தூக்கிக்கிட்டு ஜெயினுலாப்தீன் பாய் பட்டறைக்குக் காட்டப் போயிட்டார். பாய் வாசிச்சுட்டு, வெயிலுமுத்தண்ணே, இத பிரேம் போட்டு மாட்டும்னாராம்.

எனக்கு எதுவும் மறக்காது. உன் கல்யாணத்துல உன் மாமனார் ஒரு நாற்காலியில உக்காந்து, பக்கத்து நாற்காலியில குடைய வச்சுக்கிட்டார், உங்கப்பா நின்னுக்கிட்டேதான் பேசுனார். ஆட்டத்துலயும் அதே எகத்தாளம். நம்ம ஊர்ல சிப்பாய எடுத்ததும் ஒரு கட்டம்தான் வைப்பாக, உங்கப்பாவும் அப்படித்தான் ஆரம்பிச்சார். அதுக்கு அவர், புஸ்தகத்துல ரெண்டு கட்டம் தாண்டலாம்னு இருக்கு, பொண்ணு வீட்டுக்குத் தைரியம் இவ்வளவுதானான்னு எழுதுனார். உங்கப்பா அடுத்த சிப்பாயையும் ஒரு கட்டமே வச்சார்.

நடுவுல நான்தான் பயந்தேன். நம்ம பிள்ள அங்க வாழணும், பேசாம தோத்துருங்கன்னேன். எதுத்த வீட்டு சைனபும் அதான் மரியாதைன்னா. அப்பத்தான நீ எழுதுன, அப்பா எனக்காகத் தோத்தா இந்த வீட்ல நான் என்னைக்கும் தலை குனிஞ்சுதான் நிக்கணும்னு. அத வாசிச்ச பெறகு தோக்கச் சொல்லுறத விட்டுட்டேன். நான் பெத்ததுதானான்னு இருந்துச்சு. கடைசியில உன் மாமனாருக்கு ராஜாவோட ஒரு சிப்பாயும் இருந்துச்சாம், உங்கப்பாவுக்கு வெறும் ராஜாதான், அந்த ராஜா போயி, சிப்பாய் கடைசிக் கட்டம் ஏறி ராணி ஆயிராம வழிய மறிச்சே நின்னுக்கிட்டாராம். தோக்கல பாத்தியா.

அங்க குளிர் வந்திருக்கும், பேரன் காத மூடிக் கட்டு. பிள்ளைகுட்டியோட தீர்க்காயுசா இரு. இதுவரைக்கும் எந்தக் கடுதாசி எழுதுனாலும் மாமனார் கண்ணுல படுறதுக்குள்ள கிழிச்சுப் போட்டுருன்னு எழுதுவேன்ல, இதக் கிழிக்காண்டாம். அவர் பேப்பர் வாசிக்கிற மேசையிலயே வை.

உன்னப் பெத்தவ
சொர்ணம்மாள்