முகப்பரு மாத்திரையும் மணலிக் காற்றும்

ஜூன் 2, திங்கள்

வெயில். கடல் காற்று இல்லை. திருவொற்றியூர் முழுக்க மணலி ஆலைகளின் கேஸ் நாற்றம். துறைமுகத்தில் எனக்குக் கிரேன் ஓட்டப் பயிற்சி. குனிந்தால் மண்டை பிளக்கிறது. அம்மா: "மணலி கேஸுடி. தெருவே தலைய புடிச்சிகினு கீது." புகார் எண்ணுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நோட் பண்ணிக்கிறோம் மேடம்." எரிச்சல்.

வாங்க: சோப்பு, சாக்ஸ், உதட்டுக்குக் களிம்பு. தோல் டாக்டர் மாத்திரையால் உதடு வெடிக்கிறது. பருவோ குறைந்தபாடில்லை. பொறு என்றார் டாக்டர். யாரால் முடியும்? போன மாதத்திலிருந்து மெடிக்கல் கடை அண்ணாச்சி பருவுக்கென்று கொடுத்த கேப்சூலும் சேர்த்துச் சாப்பிடுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

கிரேன் கேபினிலிருந்து பார்த்தால் கன்டெய்னர் ரெண்டாகத் தெரிகிறது. பயிற்சி சார் நிறுத்திவிட்டார். "கண்ணைக் காட்டிட்டு வாம்மா. கண் டெஸ்ட்ல போச்சுன்னா கிரேன் வேலை கிடையாது." கிடைத்தால் எங்கள் வீட்டில் முதல் நிரந்தர வேலை. கேஸ் விடுகிறவன் நாசமாய்ப் போக.

ஜூன் 6, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. காரணம் கேஸ் இல்லையாம். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீக்கம். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார் டாக்டரம்மா. பையைக் கவிழ்த்தேன். முகம் மாறிவிட்டது.

"இது ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. தலைக்குள்ள அழுத்தம் ஏறும். விட்டா பார்வையே போயிடும்."

இரண்டும் நிறுத்தம். ஸ்கேன்.

தோல் டாக்டர் கல்யாணம் ஆச்சா, எப்போது என்று குடைந்தார். மாத்திரை கருவைக் கெடுக்கும், பிள்ளை உண்டாகக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார். வேறு என்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை? அண்ணாச்சி கடையில் போய் நின்று கத்தினேன்.

"நீ ஒண்ணும் சொல்லலியே தாயி. முகத்துக்குன்னு கேட்ட, கொடுத்தேன்."

"நீங்க கேட்டீங்களா?"

அடுத்த ஆளுக்கு இருமல் மருந்து எடுக்கப் போய்விட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

தலைவலி குறைவு. வலது கண் ஓரம் இன்னும் மங்கல். டெஸ்ட்டைத் தள்ளிவைக்க சார் ஒப்புக்கொண்டார். அதற்குள் சரியாகுமா? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பயம். பயம் வந்தால் கோபமும் வருகிறது.

சாயங்காலம் மறுபடி நாற்றம். பக்கத்து வீட்டு ரேவதி தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காலேஜ் பெண், என் தோல் டாக்டரிடமே போகிறவள். அம்மா ஆரம்பித்தாள்: "கேஸுதாம்மா..."

"நீ சும்மா இரும்மா. ரேவதி, டாக்டர் மாத்திரை தவிர வேற இன்னா துன்ற?"

பையிலிருந்து எடுத்தாள். அதே கேப்சூல்.

"எப்ப வாங்குன?"

"பழசு தீந்துச்சு. நேத்து அண்ணாச்சி கடைல வாங்கினேன்க்கா."

"நேத்தா? நான் போய்க் கத்தினதுக்கு அப்பாலயா? உன்ன ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டாரே. சில்லறை கீதான்னு."