வயிற்றின் நடுவில் ஒரு கிணறு

குமாசி,
13 ஜூலை 1993, செவ்வாய்

என் செல்ல பொகுவாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் ஒழுகுகிற சமையலறைக் கூரையும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். கோடையிலும் கம்பளி போடுகிற அந்த ஹாம்பர்க்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நின்றபடி படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். உன் அம்மாவுக்கு ஐந்து மாதம். ஆமாம், சரியாகத்தான் படித்தாய், கண்ணைத் துடைக்காதே. பெற்ற மகளுக்கு இருபத்துமூன்று வயது நடக்கும்போது நாற்பத்துநான்கு வயதுக்காரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு வா. கோபம் வந்தால் அதையும் முடித்துவிட்டு வா. ஆனால் உங்கள் சர்ச்சில் வேறு எவளாவது வந்து உன் காதில் போடுவதற்குள் இதை என் கையெழுத்தில் நீ படித்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்குப் பிறகு இரண்டு முறை மூன்றாம் மாதமே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாழ்த்த வந்தவர்களே இரண்டு முறையும் துக்கம் கேட்கவும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். நீ சின்னப் பிள்ளை, உனக்கு நினைவிருக்காது. இந்த முறை யாருக்கும் மூச்சு விடுவதில்லை என்று நானும் அப்பாவும் வாயைத் தைத்துக்கொண்டோம். வாயைத் தைப்பது சுலபம். துணி தைப்பதுதான் என் உயிரை எடுத்துவிட்டது.

பாவாடையெல்லாம் இறுக ஆரம்பித்தது. தையற்காரி ஃபெலிசியாவை உனக்குத் தெரியுமே, தபால் நிலையத்துக்கு எதிரே ‘கடவுளால் முடியும் ஃபேஷன்’ வைத்திருப்பவள். அவளிடம் போனால் டாக்டருக்கு முன்னால் அவள் டேப்புக்குத் தெரிந்துவிடும், டேப்புக்குத் தெரிந்தது சந்தைக்குத் தெரியும். அதனால் ஜன்னலுக்குத் திரை தைக்கப் போகிறேன் என்று தெருவில் பொய் சொல்லிவிட்டு, பழைய மிதி மிஷின் ஒன்றை வீட்டில் கொண்டுவந்து இறக்கினேன். இருபது வருஷமாக ஆபீசில் டைப் அடிக்கிற கை, இது என்ன பெரிய வித்தை என்று ஒரு திமிர். கை சொன்னபடி கேட்டது மகளே, கால்தான் கேட்கவில்லை. நான் முன்னால் மிதிக்க, சக்கரம் பின்னால் சுற்ற, நூல் அறுந்து, பாபினில் கீழ்நூல் கோழி கிளறிய குப்பை மாதிரி சுருண்டது. ஒரு வாரத்தில் நான்கு ஊசி போயிற்று. சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்தேன். கழுத்தைத் தைக்கும்போது நான் உடுத்தியிருந்த பாவாடையையும் சேர்த்துத் தைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன், மிஷினும் கூடவே எழுந்தது. பிளேடு வைத்துப் பிரித்துப் பிரித்து வெட்டுப்பட்ட என் விரல்களைப் பார்த்தால் மீன் கழுவுகிறவள் என்பார்கள். உன் அப்பா கணக்கு வாத்தியார் இல்லையா, மாதத்துக்கு இத்தனை அங்குலம் என்று தாளில் படம் போட்டுக் கொடுத்தார். அதை நம்பி வெட்டியது பத்து நாளில் பிடித்தது. கேட்டதற்கு, “கணக்கு சரிதான் பொகுவாம்மா, பிள்ளைதான் அவசரப்படுது” என்கிறார். அன்று அவருக்குச் சாப்பாட்டில் மீன் வைக்கவில்லை.

இன்னொரு குற்றமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கென்று பெட்டியில் வைத்திருந்த கிணற்றுத் துணியை எடுத்து வெட்டிவிட்டேன். மற்றதையெல்லாம் பாழாக்கிவிட்டேன், அதுதான் மிச்சம் இருந்தது. நீல நிறத்தில் வட்டத்துக்குள் வட்டமாகப் புள்ளி போட்டு, கிணற்றில் கல் விழுந்தது போல இருக்குமே, அதேதான். மூன்று நாள் மல்லுக்கட்டி ஒரு தொளதொள கபா மேல்சட்டை தைத்து, நாலு பிள்ளையை உள்ளே ஒளித்தாலும் தெரியாது என்ற தைரியத்தில் போன ஞாயிறு சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போனேன். வீட்டுக் கண்ணாடி முகத்துக்கு மட்டும்தானே காணும்.

காணிக்கை நேரம். கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு வரிசையோடு ஆடிப் போகிறேன். எதிர்வரிசையில் ஆடி வந்த ஃபெலிசியா என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். நானும் குனிந்து பார்த்தேன். இருக்கிற வட்டத்திலேயே பெரிய வட்டம், குறி பார்த்து வைத்தது போல, என் வயிற்றின் சரி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. துணியில் பூ எங்கே விழுகிறது என்று பார்த்து வெட்ட வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? போதாததற்கு வயிறு துணியைத் தின்று, முன்பக்கம் ஏறி, பின்பக்கம் தொங்குகிறது. அவள் மெதுவாகக் கேட்டாள், “என்னக்கா, கிணறு ரொம்பிடுச்சு போலிருக்கே?” என் வாய் சும்மா இருக்குமா, “மழைக்காலந்தானே” என்றுவிட்டேன். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் ஊர் வாயில் மறுபடியும் விழுந்துவிட்டோமே என்று வெளியே வந்து மாமரத்தடியில் அழுதுகொண்டு நின்றேன்.

ஃபெலிசியா பின்னாலேயே வந்தாள். திட்டலாம் என்று இருந்தேன். அவள் என் கபாவின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்து, “முன்னாடி நாலு விரல் கூட விடணும்க்கா. இதுகூடத் தெரியாம எதுக்கு மிஷின்?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “மே மாசம் நீங்க நடந்த நடையிலேயே எனக்குத் தெரியும். போன ரெண்டு தடவையும் உங்களுக்குத் தச்சது நான்தானே? அதான் வாயத் தொறக்கல” என்றாள். பொகுவா, அந்த வாய் இரண்டு மாதம் மூடியிருந்ததாம். நேற்றுக் காலையிலேயே சாக்கட்டியோடு வந்து அடுத்த துணியில் கோடு போட்டுக் கொடுத்தாள். தைப்பது மட்டும் நான்தான் தைப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறேன். நேற்று ராத்திரியும் ஒரு ஊசி உடைந்தது.

இப்போது அவசரம் என்னவென்றால், ஃபெலிசியாவின் தங்கை வியாழக்கிழமை ஹாம்பர்க்குக்கு விமானம் ஏறுகிறாள். சிரித்த வரிசையில் அவளும் இருந்தாள். அக்காவுக்கு இருக்கிற அடக்கம் இவளுக்குக் கிடையாது. வேறு ஆள் இல்லாததால் கடிதத்தையும் அவள் கையில்தான் கொடுக்கிறேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நீ உறையைத் திற.

கடவுள் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், உன் கைக்கு வேலையும் உன் வீட்டுக்குச் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். நவம்பரில் நாள் சொல்லியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாயே, மாற்றாதே. உன் கிணற்றுத் துணியில் இரண்டு கெஜம் மிச்சம் வைத்திருக்கிறேன், அதை வெட்ட மாட்டேன். முதலில் அதில் பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்ளப் போவது நீதான். கோபமாக இருந்தாலும் வந்து கட்டிக்கொண்டு கோபப்படு.

இப்படிக்கு,
உன் அம்மா
கொனாடு

பின்குறிப்பு: பசையை நம்பாமல் உறையின் நான்கு பக்கமும் மிஷினில் தைத்திருக்கிறேன். பிளேடு வைத்துப் பிரிக்கும் முன் ஒரு நிமிஷம் பார். இத்தனை நாளில் உன் அம்மா நேராகத் தைத்தது இது ஒன்றுதான்.