படிக்காத தொட்டி

1961 செப்டம்பர் 18

நோட்டே, மன்னித்துக்கொள். பாடக் குறிப்புக்கு வாங்கிய உன்னில் இப்படிக் கிறுக்குவது தப்புதான். அம்மாவிடம் சொல்ல வாய் வராததை எங்காவது வைக்க வேண்டுமே.

மலையூரான தலாத்திலிருந்து ஒரு பெண்கள் பள்ளி கடிதம் போட்டிருக்கிறது. தெத் புத்தாண்டு முடிந்ததும் அறிவியல் சொல்லிக்கொடுக்க வர முடியுமா, டிசம்பருக்குள் பதில் வேண்டுமாம். நான் போனால் சைகோனில் அம்மா தனி. அப்பா போய் மூன்று வருஷம்.

தொட்டிகளில் நட்டிருக்கும் சாமந்தி பூக்கட்டும். கல்லறைத் திருநாளன்று அப்பாவுக்கு வைத்துவிட்டு வரும்போது அம்மா மனசு இளகியிருக்கும். அப்போது கேட்கிறேன்.

செப்டம்பர் 30

நுனி கிள்ளியதில் செடிகள் நன்றாகக் கிளைத்துவிட்டன. ஏழு தொட்டி என் ஜன்னலுக்குக் கீழே. எட்டாவதை இடமில்லாமல் தண்ணீர் ஜாடிக்குப் பின்னால் தள்ளினேன். ஜாடி வழிகிற தண்ணீரே அதற்குப் போதும்.

அக்டோபர் 14

மொட்டு இல்லை.

அக்டோபர் 22

இலை, இலை, இலை! “ஏண்டி பொலேத், கீரையா போட்டிருக்கே? கடைஞ்சிடலாமா?” என்கிறாள் அம்மா. சிரித்தேன்.

தினமும் பதினொரு மணி வரை விளக்கைப் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று எழுதிப் பார்க்கிறேன். கிழிக்கிறேன். பேச வேண்டியதை எல்லாம் எழுதுகிறேன் — ஏன் இப்படி?

அக்டோபர் 31

தண்ணீர் மொள்ளப் போன அம்மா கத்தினாள்: “இங்க வந்து பாரு!”

ஜாடிக்குப் பின்னால் எட்டாவது தொட்டி. மஞ்சள் மஞ்சளாக, இலையே தெரியாமல்.

“ஏழும் உன் ஜன்னல்கிட்ட உக்காந்து உன்னோட சேந்து படிக்குது. படிக்காதது மட்டும் பூத்திருக்கு பாரு!”

ராத்திரி நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும் — பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதினேனே! என் விளக்கு ஏழு தொட்டிக்கும் ராத்திரியையே காட்டவில்லை. தாவரவியல் பட்டம் வேறு. எங்கள் குடும்பத்துக்கே முதல் பட்டம்!

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நவம்பர் 2

அப்பாவுக்கு ஒரே தொட்டி. “மிச்சத்த உங்க மக படிக்க வெச்சிருக்கா. முடிச்சதும் வரும்” என்று கல்லறையிடம் சொன்னாள் அம்மா. கூட வந்த பக்கத்து வீட்டு ஐரேன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

கேட்டிருக்கலாம். திரும்பும்போது சிக்லோ வண்டியில் வாயைத் திறந்தேன். “வெயில்” என்றேன்.

நவம்பர் 3

இனி விளக்கு இல்லை. எழுதினால் விடிந்த பிறகுதான்.

நவம்பர் 29

மொட்டு! மிளகு அளவு. எண்ணவில்லை — பொய், எண்ணினேன். நாற்பத்தொன்று.

டிசம்பர் 27

ஏழும் பூத்துவிட்டன. காலையில் ஆளுக்கொரு தொட்டியோடு அப்பாவிடம் போனோம்.

“திருநாள்தான் போயிடுச்சேம்மா.”

“லேட்டானா என்ன? உங்கப்பா எங்க போயிடப் போறார்?”

அந்தச் சிரிப்பிலேயே கேட்டுவிட்டேன்.

அம்மா தொட்டி மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு, “அங்க குளிராமே. அப்பாவோட கம்பளிக் கோட்டு கிடக்கு, உன் அளவுக்குப் பிடிச்சுத் தரேன். எனக்கென்ன, இத்தனை தொட்டி இருக்கு. நீயும் ஒரு கன்னு கொண்டு போ. விளக்க அணைச்சுட்டுத் தூங்கு.”

அத்தனை காகிதம் கிழித்தேனே, வாயில் வந்தது நாலே வார்த்தை:

“அம்மா, நான் தலாத்துக்குப் போகட்டுமா?”